குடும்பக் கடிதங்களை அட்டவணைப்படுத்தும் ஆவணக் காப்பாளர்களுக்கு

மதிப்பிற்குரியோரே,

வணக்கம். 17, 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பெண்களின் குடும்பக் கடிதங்களைப் படித்து ஆராய்பவர்கள் நாங்கள். "உடல்நலம், வீட்டு விவகாரம், பக்தி வார்த்தைகள்" என்று அட்டவணையில் ஒரே வரியில் முடிந்துபோகும் கடிதங்களைப் பற்றியே இந்த மடல். அந்தப் பக்தி வார்த்தைகள் பல நேரங்களில் வெறும் ஆசீர்வாதம் அல்ல. அந்தப் பெண் என்ன படித்தார், அதை யாருக்கு அனுப்பினார் என்பதற்கு வேறு சான்றே இல்லாமல் போகலாம்.

17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பிரில்லியானா ஹார்லி என்ற பெண்மணி, 1638இல் ஆக்ஸ்போர்டுக்குப் படிக்கப் போன மகன் எட்வர்டுக்கு எழுதிய கடிதங்களைப் பாருங்கள். உடம்புக்கு முடியாமல் படுத்திருந்தபோது கிறிஸ்தவச் சமயச் சீர்திருத்தவாதி லூதரின் வாழ்க்கை வரலாற்றைப் படித்ததாகவும், முக்கியமாகப் பட்டதை ஆங்கிலத்தில் எழுதியதாகவும் ஒரு கடிதத்தில் சொல்கிறார். 1854இல் பழைய ஆவணங்களைப் பதிப்பித்த கேம்டன் சொசைட்டி என்ற சங்கம் இக்கடிதங்களை அச்சிட்டதால் இது நமக்குத் தெரிகிறது. அச்சேறாத கட்டுகளுக்கு உங்கள் அட்டவணைதான் ஒரே வாசல்.

பெரிய இழப்பு நேர்வது உடனிணைப்புகளில். பிரசங்கக் குறிப்பு, நகலெடுத்த ஜெபம், புத்தகத்திலிருந்து எடுத்தெழுதிய பத்தி ஆகியவை தனித்தாளில் எழுதப்பட்டுக் கடிதத்துக்குள் மடித்து வைக்கப்பட்டன. அவற்றில் கையெழுத்தோ தேதியோ இருக்காது. பிரித்தெடுத்து "பலவகைச் சமயத் தாள்கள்" பெட்டியில் போட்டுவிட்டால், எழுதியவரும் பெற்றவரும் மறைந்துபோகிறார்கள். ஆகவே மடிப்பை நீவுவதற்கு முன்பே படம் எடுங்கள். மடிப்புக் கோடுகளுக்கு இடையிலான தூரத்தை மில்லிமீட்டரில் குறியுங்கள். உள்ளே இருந்த தாளிலும் அதே அளவில் மடிப்பு விழுந்திருக்கலாம். ஈரக்கறையும் பூச்சித் துளையும் இரண்டிலும் ஒரே இடத்தில் ஒத்துவந்தால் சந்தேகம் பெரும்பாலும் தீரும். நீர்க்குறியை (தாளை ஒளியில் பிடித்தால் தெரியும் தயாரிப்பாளர் அடையாளத்தை) மட்டும் நம்பவேண்டாம், ஒரே வீட்டில் ஒரே தாள்கட்டை எல்லோரும் பயன்படுத்தியிருப்பார்கள். கடிதம் 24 என்றால் இணைப்புக்கு 24/1 என்று எண் கொடுங்கள். பாதுகாப்புக்காகத் தனி உறையில் வைத்தாலும் எண் பிரியக்கூடாது.

நான்காம் பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஒரு தாளை இரண்டாக மடித்து முதல் மூன்று பக்கங்களில் எழுதி, வெளிப்பக்கத்தில் முகவரி இடுவது வழக்கம். கடிதத்தோடு ஒரு பொட்டலம் போனது என்ற குறிப்பும், பெற்றவர் பின்னால் எழுதிவைத்த குறிப்பும் அங்கேதான் இருக்கும். அரக்கு முத்திரையை உடைத்தபோது கிழிந்த துண்டு சில சமயம் அரக்கிலேயே ஒட்டியிருக்கும். அதில் ஒரு விவிலிய வசன எண்ணின் பாதி இருக்கலாம்.

தேதியில் கவனம் தேவை. இங்கிலாந்தில் 1752க்கு முன் சட்டப்படியான ஆண்டு மார்ச் 25 அன்றுதான் தொடங்கியது. "1638 பிப்ரவரி" என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் பெரும்பாலும் 1639. இதைக் கவனிக்காமல் அடுக்கினால், புத்தகத்தைப் பற்றிய பதில் கேள்விக்கு முன்னால் வந்து உட்காரும்.

பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதியவர்கள் பலர். அந்த எழுத்தை அப்படியே வைத்து, பக்கத்தில் இன்றைய வடிவத்தையும் சேருங்கள்; இல்லையென்றால் இன்னொரு சமயச் சீர்திருத்தவாதியான கால்வினைத் தேடுபவருக்கு அந்தக் கடிதம் அகப்படாது. விவிலிய வசனங்களை மேற்கோள் குறி இல்லாமல் தம் வாக்கியத்தோடு இழைத்து எழுதுவார்கள். அதிகாரமும் வசன எண்ணும் தெரிந்தால் குறியுங்கள், தெரியாவிட்டால் "வசனச் சாயல்" என்றாவது எழுதுங்கள்.

எல்லாவற்றையும் உடனே செய்ய ஆள்பலம் இருக்காது. பலவகைத் தாள்கள் பெட்டியிலிருந்து தொடங்குங்கள். கையெழுத்தும் தேதியும் இல்லாத, கடித அளவில் மடிப்பு விழுந்த தாள்களை முதலில் தனியே எடுங்கள்.

இப்படிக்கு,
கடித ஆய்வாளர்கள்