அரைத்துச் சாப்பிடவும் சொல்லிக்கொடுங்கள்: வாய்ப் புற்றுநோய் மருத்துவக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அறுவை சிகிச்சை மருத்துவர்களுக்கும், கதிர்சிகிச்சை மருத்துவர்களுக்கும், வார்டில் இருக்கும் செவிலியர்களுக்கும், டயட்டீஷியன்களுக்கும், மருத்துவமனைச் சமையலறையில் நிற்பவர்களுக்கும்,

வணக்கம். நாக்கில் வந்த புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கதிர்சிகிச்சையும் முடித்து வந்தவன் நான். உயிரோடு இருக்கிறேன், அதற்கு நீங்கள்தான் காரணம். அந்த நன்றியை முதலில் சொல்லிவிட்டுத்தான் குறைக்கு வருகிறேன். கட்டியை எவ்வளவு விளிம்போடு வெட்டுவது, எந்த இடத்துக்கு எத்தனை கிரே அளவு கதிர் கொடுப்பது என்று மில்லிமீட்டர் கணக்கில் திட்டமிடுகிறீர்கள். அதற்கப்புறம் நாங்கள் எப்படிச் சாப்பிடுவது என்பது மட்டும் டிஸ்சார்ஜ் காகிதத்தின் கடைசி வரிக்குப் போய்விடுகிறது. 'மிருதுவான உணவு எடுத்துக்கொள்ளவும்.' அவ்வளவுதான். மாத்திரைக்கு எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்றெல்லாம் விவரமாக எழுதுகிற அதே கை, அந்தச் சாப்பாடு எப்படி இருக்க வேண்டும் என்று எழுதுவதில்லை.

அந்த ஒற்றை வரியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் என்ன நடக்கிறது தெரியுமா? மிக்ஸி வெளியே வருகிறது. தட்டில் இருப்பதை எல்லாம் ஒன்றாகப் போட்டு ஓட்டுகிறார்கள். சுற்றவில்லை என்றால் தண்ணீர். இன்னும் கட்டி இருக்கிறதே என்று மறுபடி கொஞ்சம் தண்ணீர். ஒரு கிண்ணம் சாப்பாடு இரண்டு கிண்ணம் ஆகிவிடும். சத்து என்னவோ அதே ஒரு கிண்ணத்துச் சத்துதான். வாயெல்லாம் புண்ணாக இருக்கும் ஆள் அதில் ஒரு கிண்ணத்தை முடிப்பதே பெரும்பாடு. முக்கால் மணி நேரம் போராடி அவன் உள்ளே தள்ளியது, பழைய கணக்கில் அரைச் சாப்பாடு. வீட்டில் இருப்பவர்களுக்கோ, ஒரு கிண்ணம் காலி, நன்றாகத்தான் சாப்பிடுகிறார் என்ற திருப்தி. அடுத்த செக்கப்பில் எடை குறைந்திருக்கும். 'சரியாகச் சாப்பிடுவதில்லையா?' என்று நீங்கள் கேட்பீர்கள். கூட வந்தவர் முகம் சுண்டிப்போகும்.

புற்றுநோயாளிக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கிலோகலோரி, புரதம் 1 கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் 1.5 கிராம் வரை வேண்டும் என்பது நீங்கள் படித்த வழிகாட்டுதல்தான். 60 கிலோ ஆளுக்கு அது 1,500 முதல் 1,800 கிலோகலோரி, 60 முதல் 90 கிராம் புரதம். தண்ணீர் ஊற்றி அரைத்ததைச் சாப்பிட்டு அந்த இடத்துக்குப் போய்ச் சேர முடியாது. தண்ணீருக்குப் பதில் பால், தயிர், கிரீம், குழம்பு ஊற்றலாம். எண்ணெயோ வெண்ணெயோ ஒரு ஸ்பூன் கூடுதலாகச் சேர்க்கலாம், பால் பவுடர் கலக்கலாம், முட்டையை நன்றாக வேகவைத்து மசித்துவிடலாம். மூன்று வேளையை ஆறு சின்ன வேளையாக உடைக்கலாம். இதெல்லாம் பெரிய ரகசியம் இல்லை. ஆனால் வாழ்நாள் முழுக்கக் கொழுப்பைக் குறை, எண்ணெயைக் குறை என்றே கேட்டு வளர்ந்த குடும்பத்துக்கு, இப்போது அதைக் கூட்டுங்கள் என்று வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் வாயால் சொன்னால்தான் கை துணியும். சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவருக்குக் கணக்கு வேறு. அதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது பதம். எது மிருது? தயிரும் மிருதுதான், ரொட்டியும் மிருதுதான். வாழைப்பழம் கையில் எடுத்தால் மிருது, நாக்கு சரியாக நகராத வாய்க்குள் போனால் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கிடக்கும். உருளைக்கிழங்கை மிக்ஸியில் ஓட்டினால் மாவுச்சத்து வெளியே வந்து பசையாகிவிடும், சல்லடையில் அழுத்தித் தேய்த்தால் நன்றாக வரும். காய்த்துண்டுகள் மிதக்கும் சூப், பார்ப்பதற்குச் சாது. திரவம் ஒரு வேகத்தில் தொண்டைக்குப் போகும், துண்டு பின்னால் தங்கும், புரை ஏறுவது அங்கேதான். ஐஸ்கிரீம் கூட வாய்ச்சூட்டில் உருகித் தண்ணீராகிவிடும், தண்ணீர் புரை ஏறுகிற ஆளுக்கு அதுவும் ஆபத்துதான்.

உணவின் பதத்தை அளக்க உலகம் முழுக்கப் பயன்படுகிற ஓர் அளவுகோல் உங்கள் கையிலேயே இருக்கிறது. ஐ.டி.டி.எஸ்.ஐ. என்கிற அந்த முறையில் 0 முதல் 7 வரை படிகள். 4 என்றால் கட்டியில்லாமல் அரைத்தது, மெல்லவே தேவையில்லை. 5 என்றால் ஈரப்பதத்தோடு பொடியாக நறுக்கியது, பெரியவர்களுக்குத் துண்டு 4 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. 6 என்றால் ஒன்றரை சென்டிமீட்டர் வரையிலான மென்துண்டுகள். இதில் எனக்குப் பிடித்த விஷயம், எந்தக் கருவியும் வேண்டாம் என்பது. சாதாரண முள்கரண்டியின் பற்களுக்கு இடைப்பட்ட இடைவெளி ஏறக்குறைய அந்த 4 மில்லிமீட்டர்தான். அரைத்த உணவை ஸ்பூனில் எடுத்துச் சாய்த்தால் ஒரே கட்டியாக வழுக்கி விழ வேண்டும், ஸ்பூனில் மெல்லிய படலம் மட்டும் மிஞ்சலாம். சாய்த்தும் விழாமல் அப்பிக்கொண்டு நின்றால் தொண்டையிலும் அப்படித்தான் நிற்கும். இதைக் காட்ட ஒரு கிண்ணம், ஒரு ஸ்பூன், ஒரு முள்கரண்டி, ஐந்து நிமிடம் போதும். 'படி 4, இரண்டு வாரம், பிறகு வந்து பார்த்துவிட்டு 5' என்று எழுதிக்கொடுங்கள். மாத்திரைச் சீட்டு போலத்தான் இதுவும்.

ஒரு விசித்திரத்தைச் சொல்கிறேன். மாவுச்சத்தால் கெட்டியான கஞ்சியையோ சூப்பையோ நேரடியாகக் கிண்ணத்திலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தால், பாதியில் அது தண்ணீராகிவிடும். எச்சில் பட்ட ஸ்பூன் திரும்பத் திரும்பக் கிண்ணத்துக்குள் போகிறது, எச்சிலில் உள்ள நொதி மாவுச்சத்தை உடைத்துவிடுகிறது. வேகமாகச் சாப்பிடுகிறவருக்கு இது தெரியவே தெரியாது. ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிற ஆளுக்கு, அதுவும் அறுவை சிகிச்சை முடிந்த கையோடு எச்சில் வழிந்துகொண்டே இருக்கும் நாட்களில், முதல் வாய்க்குப் பாதுகாப்பாக இருந்த உணவு கடைசி வாய்க்குப் புரை ஏற்றும். கொஞ்சம் கொஞ்சமாக வேறு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது. சாந்தன் கம் சேர்ந்த பொடியால் கெட்டியாக்கினால் அந்த நொதியால் அதை ஒன்றும் செய்ய முடியாது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. 'காலையில் கெட்டியாத்தானே செஞ்சேன்' என்று என் மனைவி கிண்ணத்தைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் உண்டு.

புரை ஏறுவது பற்றி இன்னொன்று. இருமல் வந்தால்தான் புரை என்று எல்லோரும் நினைக்கிறோம். அறுவையும் கதிரும் பட்ட தொண்டையில் உணர்வு மங்கியிருந்தால், இருமலே வராமல் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும், நிமோனியா வந்த பிறகுதான் தெரியும். பேரியம் கலந்த உணவை விழுங்கவைத்து எக்ஸ்ரே வீடியோ எடுப்பதும், மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்ப்பதும் இதற்காகத்தான். யாருக்கு அந்தச் சோதனை வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். 'இருமினால் சொல்லுங்கள்' என்று எங்களிடம் விட்டுவிட்டால், இருமாதவர்கள் எப்படி வந்து சொல்வார்கள்?

இப்போது காலம் பற்றி. கதிர்சிகிச்சை வழக்கமாக 6, 7 வாரம். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வாய்ப்புண் தொடங்குகிறது. கடைசி நாளன்று எல்லோரும் கைகுலுக்கி வழியனுப்புகிறீர்கள். சந்தோஷமான நாள்தான், மறுக்கவில்லை. ஆனால் புண் உச்சத்தில் இருப்பதே அந்தச் சமயத்தில்தான். இன்னும் சில வாரங்களுக்கு அது ஆறாது. சிகிச்சை நடந்தவரை தினமும் யாராவது ஒரு செவிலியர் முகத்தைப் பார்த்தாவது கண்டுபிடித்துவிடுவார், இன்று எதுவும் உள்ளே போகவில்லை என்று. ரொம்ப மோசமான அந்த நாட்களில் நாங்கள் வீட்டில் தனியாக இருக்கிறோம். எச்சில் வற்றி, ருசி போய், எதை வைத்தாலும் மணலோ தகரமோ தெரியாமல். சிகிச்சை முடிந்த முதல் மாதத்தில் வாரம் ஒரு போன், எடை எவ்வளவு, என்ன பதத்தில் சாப்பிடுகிறீர்கள் என்று. அது ஒன்றே பலரைக் காப்பாற்றும். வலி மாத்திரையோ மரப்பு ஜெல்லோ சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முன்பு என்பதையும் அந்தப் போனிலேயே சொல்லிவிடலாம்.

விழுங்கல் சிகிச்சையாளரைச் சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே பார்க்கவையுங்கள் என்பது என் பெரிய வேண்டுகோள். பாதுகாப்பாக முடிகிறவரை கொஞ்சமாவது வாய்வழியாக விழுங்கிக்கொண்டும், பயிற்சிகளைச் செய்துகொண்டும் இருப்பவர்களுக்குப் பின்னால் விழுங்குவது சுலபமாக இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்த விஷயம். மூக்கு டியூபோ வயிற்று டியூபோ வைத்தால் அது தோல்வி என்று நாங்கள் அழுகிறோம். இல்லை, உடம்பைத் தாங்கிப் பிடிக்கத்தான் அது, கூடவே விழுங்கும் பழக்கத்தையும் விட்டுவிடாதே என்று யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும். தாடைப் பயிற்சியும் அப்படித்தான். வாய் 35 மில்லிமீட்டருக்குக் குறைவாகத் திறந்தால் தாடை இறுகியிருக்கிறது என்று கணக்கு. இறுகின பிறகு ஸ்பூன் நுழையாது, பல் டாக்டரின் கருவியும் நுழையாது, உணவு எவ்வளவு மிருதுவாக இருந்து என்ன பயன்?

சமையலறைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மீனையும் காயையும் சோற்றையும் ஒரே ஜாரில் போட்டு அரைக்காதீர்கள். நேரம் இல்லை, தெரியும். ஆனால் பழுப்பு நிறத்தில் ஒரு கிண்ணம் வந்து நிற்கும்போது, அது என்ன என்று கொண்டுவந்தவருக்கே தெரியாதபோது, ருசி தெரியாத நாக்குக்கு மிச்சமிருக்கும் கண்ணையும் மூக்கையும் நீங்கள் பறித்துவிடுகிறீர்கள். தனித்தனியாக அரைத்துத் தட்டில் தனித்தனியாக வையுங்கள். ஆரஞ்சு கேரட்டாக இருக்கட்டும், வெள்ளை மீனாக இருக்கட்டும். ஒரு சின்னச் சீட்டில் பெயரை எழுதுங்கள். வெதுவெதுப்பாக அனுப்புங்கள், கொதிக்கக் கொதிக்க வேண்டாம். நாக்கில் வெட்டி எடுத்த இடத்தில் இப்போது வைத்துத் தைத்திருப்பது என் முன்கைத் தோல். அதற்குச் சூடு தெரியாது, சுட்ட பிறகு பக்கத்தில் இருக்கும் சொந்தச் சதைதான் சொல்லும். கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே உணவு தங்கினாலும் தெரியாது, உதட்டோரம் வழிந்தாலும் தெரியாது. அதனால் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடி வைத்துக்கொள்கிறேன். வார்டில் ஒவ்வொரு தட்டோடும் ஒன்று வைத்தால் நன்றாக இருக்கும்.

எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுவது பற்றி நீங்கள் எதுவும் கேட்பதில்லை. கேட்க நேரமும் இல்லை. விருந்துக்குக் கூப்பிட்டால் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன் என்று பொய் சொல்லப் பழகிவிடுகிறோம், அவ்வளவு சொன்னால் போதும்.

மாத்திரைகளையும் பார்த்து எழுதுங்கள். விழுங்க முடியாத ஆளுக்குப் பெரிய மாத்திரை எழுதினால் வீட்டில் பொடித்துத்தான் கொடுப்பார்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளைப் பொடிக்கக் கூடாது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? சிரப்பாகவோ கரையும் மாத்திரையாகவோ கிடைக்குமா என்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டால் போதும்.

கடைசியாக, வருடங்கள் கழித்து வரும் செக்கப். கழுத்தைத் தடவிப் பார்க்கிறீர்கள், வாய்க்குள் வெளிச்சம் அடிக்கிறீர்கள், நோய் திரும்பவில்லை, நல்லது, ஆறு மாதம் கழித்து வாருங்கள். கதிர் பட்ட தசை பல வருடம் கழித்தும் இறுகும், நன்றாக விழுங்கிக்கொண்டிருந்தவருக்குத் திரும்பவும் சிக்கத் தொடங்கும். அது மெல்ல மெல்ல வருவதால் நாங்களே ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டு போகிறோம், முதலில் இறைச்சி, அப்புறம் ரொட்டி, அப்புறம் சோறு. கேட்டால் 'நன்றாகத்தான் சாப்பிடுகிறேன்' என்போம், பொய் சொல்லும் எண்ணமே இல்லாமல். அதனால் நன்றாகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்காதீர்கள். நேற்று என்னென்ன சாப்பிட்டீர்கள், ஒவ்வொரு வேளைக்கும் எவ்வளவு நேரம் ஆனது, போன வருடம் சாப்பிட்டு இப்போது விட்டது எது என்று கேளுங்கள். பதில் சொல்லி முடிக்க எங்களுக்குக் கொஞ்சம் நேரமாகும், நாக்கு அப்படி. கூட வந்தவரிடம் திரும்பிவிடாமல் எங்களிடமே கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்களிடம் சிகிச்சை பெற்று வந்த ஒருவன்