அக்காவுக்கு, பூண்டு வாசனையோடு

அக்கா,

நாளையோடு 15 வருஷம். எதற்கு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதைப் பெரியம்மா வீட்டிலும் படிப்பார்கள், அன்று மேடையில் இருந்தவர்களும் படிப்பார்கள். அதனால் சில பெயர்களை விழுங்கிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஒத்திகைக்கு முந்தைய அந்தக் கொஞ்ச நேரம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. மேடைக்குப் பின்னால், ஏசிக் குளிரில், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாய். பூண்டுப் பல்லைக் குறுக்கே நறுக்கி, உன் டிஸியின், அந்தச் சீன மூங்கில் குழலின், ஜவ்வுத் துளையைச் சுற்றித் தேய்த்தாய். ஜவ்வு என்பது நாணல் தண்டின் உள்தோல், வெங்காயச் சருகைவிட மெல்லிசு. அதைத் துளைமேல் வைத்து, இரண்டு பக்கமும் மெல்ல இழுத்து, நுண்சுருக்கம் விழவைத்தாய். இறுகினால் ஊமை, தளர்ந்தால் கரகரப்பு. ஊதிப் பார்த்தாய், பிரித்தாய், மறுபடி ஒட்டினாய். மூன்றாம் தடவைதான் அந்த ரீங்காரம் வந்தது. "வீட்டுல ரசம் வைக்கிற மாதிரி இருக்குடா" என்று சிரித்தாய்.

பத்து நிமிஷம் கழித்து நான் ஆர்க்கெஸ்ட்ரா கண்டக்டரிடம் போய், டிஸி சுருதி இறங்குது என்றேன்.

இறங்கியதுதானே? குளிரில் மூங்கில் இறங்கத்தான் செய்யும். பித்தளைப் பூணை முழுக்க உள்ளே தள்ளியும் குழுவின் சுருதியான 442 ஹெர்ட்ஸை எட்டவில்லை. உன் ஒருத்திக்காக அத்தனை வயலினும் இறங்கி வருமா? போதாததற்கு, ஹ ஜான்ஹாவும் சென் காங்கும் 1959இல் 'பட்டாம்பூச்சிக் காதலர்' வயலின் கான்செர்ட்டோவில், அன்று நாம் வாசிக்கவிருந்ததில், தொடக்கத்துத் தனி வாசிப்பை நான் ஊதும் மேற்கத்தியப் புல்லாங்குழலுக்குத்தான் எழுதினார்கள். உனக்காகத்தான் அதை டிஸிக்கு மாற்றியிருந்தார்கள். என் இடம் எனக்கே திரும்பி வந்தது, அவ்வளவுதான்.

அந்த மெட்டின் வேர் சீனாவின் செஜியாங் பக்கத்து யுவே இசை நாடகத்தில் இருக்கிறது, மூங்கில் குழல் கூடவே வரும் பாட்டு அது என்று எனக்குச் சொன்னதே நீதான். ஆண் வேடமிட்டுப் படிக்கப் போன யிங்தாய், காதலன் லியாங்கின் கல்லறை பிளந்ததும் கல்யாண உடையோடு உள்ளே பாய்ந்த கதையையும் நீதான் சொன்னாய். கல்லறை வரும்போது என் காலைக் கிள்ளுவாய்.

நான் ஒரு சுரம் பிசகாமல் வாசித்தேன். நீ திரைக்குப் பக்கத்தில் இருட்டில் நின்றிருந்தாய்.

ஆனால் நீ மட்டும் என்ன செய்தாய்? ஒரு சண்டை போட்டிருக்கலாம். குழலைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு வாயை மூடிக்கொண்டாய். "அவ ஏன்டா இப்பல்லாம் ஊதறதில்ல?" என்று அம்மா கடைசி மாசம்வரை கேட்டது என்னிடம்தான். ஒவ்வொரு தடவையும் பொய் சொன்னது நான். அதற்கும் சேர்த்து நீ எனக்குக் கடன்பட்டிருக்கிறாய்.

மார்ச்சில் எங்கள் குழு அதே கான்செர்ட்டோவை வாசிக்கிறது. தொடக்கம் டிஸிக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். எல்லோரும் 440-க்கு இறங்க முடியுமா என்று கேட்டேன். ஒரு நிமிஷத்தில் சரி என்றார்கள். அன்றைக்கு நான் கேட்கவே இல்லை அக்கா.

உன் குழல் என்னிடம்தான் இருக்கிறது. அம்மா கொடுத்தாள். ஜவ்வுப் பொட்டலத்தில் இன்னும் ஆறு துண்டு மிச்சம். சனிக்கிழமை தோ பாயோ வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். கதவைத் திறக்காவிட்டால் செருப்பு அலமாரிமேல் வைத்துவிட்டுப் போகிறேன். பூண்டு உன் வீட்டில் இருக்கும்.