கேள்வியைப் போட்டீர்கள், பதில் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசிய நாடாளுமன்றம் கூடும் வாரங்களில் உங்கள் நாளிதழில் வரும் செய்திகளைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. “குறைந்தபட்ச சம்பளம்: மக்களவையில் எம்.பி. கேள்வி” என்று தலைப்பு வரும். பக்கத்திலேயே கோட்டு சூட்டோடு படம். அவர் கேட்டது நாலு பத்திக்கு ஓடும். அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்று தேடினால் செய்தி அதற்குள் முடிந்திருக்கும். சரி, மறுநாள் போடுவார்கள் என்று காத்திருந்தால் மறுநாள் வேறொரு எம்.பி., வேறொரு கேள்வி.

கேள்வி கேட்ட செய்தி எம்.பி.யின் அலுவலகத்திலிருந்தே உங்களுக்கு வந்துவிடுகிறது என்பது என் ஊகம். வாட்ஸ்அப்பில் படமும் உரையும் தயாராக இருக்கும். பதிலை அப்படி யாரும் அனுப்ப மாட்டார்கள். யாராவது உட்கார்ந்து, மக்களவையில் பேசியதையெல்லாம் பதிந்து வைக்கும் ஹன்சார்டைப் புரட்டித்தான் எடுக்க வேண்டும். அந்த வேலையை நீங்கள் செய்ய வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

எங்கள் அடுக்குமாடியில், கீழ்த்தளத்தில் ஓர் அக்கா இருக்கிறார். அரசாங்கப் பள்ளி ஒன்றில் துப்புரவு வேலை. பல வருஷமாக அதே பள்ளி, அதே கழிவறைகள், அதே மூன்று மாடிப் படிக்கட்டு. அந்த வேலையைக் குத்தகைக்கு எடுக்கும் நிறுவனம் மட்டும் அவ்வப்போது மாறும். புது நிறுவனம் வந்ததும் சட்டையின் நிறம் மாறும், புதுக் கடிதத்தில் கையெழுத்து வாங்குவார்கள், அன்றிலிருந்து அவர் புது ஆள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி ஒரு முதலாளியிடம் இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டு விடுப்பு 8 நாள். இரண்டு முதல் ஐந்து வருஷம் வரை 12 நாள், அதற்கு மேல் 16 நாள். அக்கா 16 நாளைப் பார்த்ததே இல்லை. ஆள்குறைப்பு இழப்பீடும் இதே மாதிரிதான். சேவைக்காலத்தைப் பொறுத்து வருஷத்துக்கு 10, 15 அல்லது 20 நாள் சம்பளம். சேவைக்காலமே திரும்பத் திரும்ப அழிந்துபோனால் எதை வைத்துக் கணக்குப் போடுவது? அவருடைய சம்பளம் எப்போதுமே அன்றைய குறைந்தபட்ச சம்பளம்தான். 2013இல் தீபகற்ப மலேசியாவுக்கு மாதம் 900 வெள்ளி (ரிங்கிட்) என்று ஆரம்பித்தது, 2022இல் 1,500 ஆகி, 2025 பிப்ரவரியில் 1,700 ஆனது. சட்டம் ஏறினால் அவருக்கும் ஏறும். அனுபவத்துக்கென்று ஒரு காசு கிடையாது. நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்கும் அதே சம்பளம்.

அவர்தான் ஒருநாள் லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது கேட்டார்: “தம்பி, எங்களப் பத்திப் பார்லிமெண்டுல பேசுனாங்கன்னு பேப்பர்ல போட்டிருந்தாங்களே, கடைசில என்னதான் சொன்னாங்களாம்?” உங்கள் நாளிதழை மட்டும் படிப்பவரால் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

குத்தகைத் தொழிலாளர்கள் என்றதும் எனக்கு நினைவுக்கு வருகிறவர் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ். 1974 முதல் சுங்கை சிப்புட் தொகுதியை வைத்திருந்த அமைச்சர் சாமிவேலுவை 2008இல் தோற்கடித்தவர் என்றுதான் பலருக்கும் அவரைத் தெரியும். 2011 ஜூனில் எங்கள் பினாங்கு மாநிலத்துக் கெப்பாலா பத்தாஸில் அவரும் கட்சிக்காரர்களும் கைதானதும், பிறகு அவசரகாலச் சட்டத்தில் அவரைத் தடுத்து வைத்ததும்கூட நினைவிருக்கும். ஆனால் 2018 வரை இரண்டு தவணை மக்களவையில் உட்கார்ந்து அவர் என்ன பேசினார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அவர் மார்பு நோய் மருத்துவர், ஈப்போ பொது மருத்துவமனையில் வேலை பார்த்தவர். மருத்துவமனைத் துணைச் சேவைகளைத் தனியாருக்கு விட்டதால் அடிமட்டத் தொழிலாளிக்கு என்ன ஆனது, அரசாங்க மருத்துவமனையிலிருந்து நிபுணர்கள் ஏன் தனியாருக்குப் போகிறார்கள், தோட்டத்தை விற்றால் அங்கே குடியிருந்தவன் எங்கே போவான் என்று கணக்கு வழக்கோடு பேசுகிறவர். அடுக்குமொழி கிடையாது, மேசையைத் தட்டுவது கிடையாது. படிக்கக் கொஞ்சம் அலுப்பாகக்கூட இருக்கும். நல்ல நாடாளுமன்ற உரை பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

அவருடைய மலேசிய சோசலிசக் கட்சியும் தொழிற்சங்கங்களும் பல வருஷமாகக் கேட்டுவந்த ஒன்று, வேலை இழந்தவர்களுக்கு ஒரு நிதி. கடைசியில் 2017இல் வேலைக் காப்புறுதிச் சட்டம் வந்தது. சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனம் வழியாக 2018 ஜனவரியிலிருந்து சந்தா பிடிக்கிறார்கள். முதலில் வந்த மசோதாவில் தொழிலாளிக்கு 0.5 விழுக்காடு, முதலாளிக்கு 0.5 விழுக்காடு என்று இருந்தது. முதலாளிமார் எதிர்ப்புக்குப் பிறகு அது தலா 0.2 ஆனது. கோவிட் காலத்தில் வேலை போனவர்களுக்கு இந்தக் காப்புறுதி கைகொடுத்தது. இந்தச் சட்டம் எப்படி வந்தது, நடுவில் எப்படி இளைத்தது என்று தொடர்ந்து எழுதியிருந்தால் எத்தனையோ பேருக்குத் தங்கள் சம்பளச் சீட்டில் அந்தச் சின்னத் தொகை ஏன் பிடிபடுகிறது என்றாவது புரிந்திருக்கும்.

எங்கள் பினாங்கிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். 2013 முதல் 2022 வரை பத்து காவான் எம்.பி.யாக இருந்தவர் கஸ்தூரி பட்டு. 2020 ஜூலை 13ஆம் தேதி, ஒரு நாடாளுமன்றக் குழுவில் பெண்களே இல்லையே என்று அவர் கேட்டபோது, எதிரே இருந்த ஓர் உறுப்பினர் அவருடைய நிறத்தைக் கேலி செய்து, பவுடர் போட்டு வரச் சொன்னார். அன்று சாயங்காலமே அந்த வீடியோ எல்லார் கைப்பேசியிலும் ஓடியது. கண்டனங்கள் குவிந்தன. சொன்னவர் பிறகு மன்னிப்பும் கேட்டார். கோபம் நியாயமானதுதான், எனக்கும் வந்தது. ஆனால் அவர் கேட்ட கேள்வி எங்கே போயிற்று? குழுவில் பெண்கள் ஏன் இல்லை என்பதற்கு யார் பதில் சொன்னார்கள்? அவமானப்பட்டவர் என்றே அவரை நினைவில் வைத்திருக்கிறோம். மரண தண்டனை, நாடற்றவர்கள், பெண்களின் பிரதிநிதித்துவம் என்று இரண்டு தவணை அவர் பேசியதெல்லாம் அந்தச் சில விநாடி வீடியோவுக்குக் கீழே புதைந்துவிட்டது.

அதைவிட எனக்கு உறுத்துவது 2024 அக்டோபர் 17. குடியுரிமை தொடர்பான அரசியலமைப்புத் திருத்தம் மக்களவையில் நிறைவேறிய நாள். மலேசியத் தாய்மார்களுக்கு வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைகளுக்கும் இனிக் குடியுரிமை என்று எல்லாரும் கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அதே திருத்தத்தில் இன்னொன்றும் இருந்தது. இந்த நாட்டில் பிறந்த குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவர் நிரந்தரவாசியாக இருந்தாலே தானாகக் குடியுரிமை கிடைக்கும் என்று இருந்த பிரிவை எடுத்துவிட்டார்கள். நிரந்தரவாசி என்றால் யார்? சிவப்பு ஐ.சி., அதாவது சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்பவர். தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்து, குடிமக்களுக்குரிய நீல ஐ.சி.க்கு மனுப் போட்டுப் போட்டுக் களைத்துப்போனவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! இது நம் வீட்டு விஷயம். அரசியலமைப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அதாவது 222 பேரில் 148 பேர். அதனால் அன்று வாக்குகளை எண்ணினார்கள். சாதாரண மசோதாக்களைப் போல வாயால் ‘ஆம்’ சொல்லி முடித்துவிடவில்லை. ஆதரவாக வாக்களித்த நம் எம்.பி.க்கள் இந்தப் பிரிவைப் பற்றி விவாதத்தில் என்ன சொன்னார்கள்? உள்துறை அமைச்சர் என்ன விளக்கம் தந்தார்? ஹன்சார்டில் இருப்பதை நீங்கள் தமிழில் ஒரு பக்கம் போட்டிருக்கலாம்.

நம் எம்.பி.க்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. பட்ஜெட் விவாதத்தில் எழுந்தால் மித்ரா (இந்தியச் சமுதாய உருமாற்றப் பிரிவு), தமிழ்ப்பள்ளி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பேச வேண்டாம் என்று சொல்லவில்லை. மித்ராவுக்கு வருஷத்துக்கு 100 மில்லியன் வெள்ளி ஒதுக்குகிறார்கள் என்றால் அது எங்கே போகிறது என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் கீழ்வீட்டு அக்காவுக்கு மித்ராவிலிருந்து எதுவும் வந்ததில்லை. குத்தகை மாறினாலும் சேவைக்காலம் தொடரும் என்று சட்டத்தில் ஒரு வரி வந்தால் அவருக்கு வருஷத்துக்கு எட்டு நாள் கூடுதல் விடுப்பு. அவரைப் போன்ற துப்புரவாளர், காவலாளி எல்லாருக்கும்தான், எந்த இனமாக இருந்தாலும்.

வாசகர்களாகிய நம்மிடமும் தப்பு இருக்கிறது. கால்வாய் அடைத்துக்கொண்டால் எம்.பி.யைக் கூப்பிடுகிறோம், அது மாநகர் மன்றத்தின் வேலை. சக்கர நாற்காலி கொடுத்தால் நல்ல எம்.பி. என்கிறோம். அதற்கும் தொகுதி ஒதுக்கீடு வேண்டும். எதிர்க்கட்சிக்காரருக்கு அது கிடைக்காமல் போவதும் உண்டு, ஜெயக்குமாரே அதற்காக 2010இல் நீதிமன்றம் போனார். சட்டம் போட அனுப்பியவரைச் சாமான் கொடுக்கிறவராக ஆக்கிவிட்டு, பிறகு அவர் மக்களவையில் பேசவில்லை என்றால் எப்படி?

அப்புறம், ஹன்சார்டைத் தேடுவது பெரிய காரியம் இல்லை. நாடாளுமன்ற இணையத்தளத்திலேயே கிடக்கிறது. நீளம்தான், மலாய்தான். நடுவில் ‘உட்காருங்கள், உட்காருங்கள்’ என்று பக்கம் பக்கமாகக் கூச்சலும் இருக்கும். அதையெல்லாம் தாண்டிவிட்டால் விஷயம் வரும். கேள்வி நேரத்தில் முறை வராத கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வரும். அதை நிருபர்கள் தொடுவதே இல்லை. பட்ஜெட்டில் கொள்கை விவாதம் முடிந்து, அமைச்சர்கள் பதில் சொல்லி, பிறகு அமைச்சு வாரியாகக் குழுநிலை விவாதம் நடக்கும். எந்த அமைச்சு துப்புரவுக் குத்தகைக்கு எவ்வளவு கேட்கிறது என்று பிடித்துக் கேட்க வேண்டிய இடம் அதுதான். அந்த நேரத்தில் மக்களவையில் பாதி நாற்காலி காலியாக இருக்கும். பேசுகிற ஒரு சிலரையாவது பத்திரிகை கவனித்தால் அவர்களுக்கும் உற்சாகமாக இருக்கும், வராதவர்களுக்கும் கொஞ்சம் உறைக்கும்.

எனவே கூட்டத்தொடர் நடக்கும் காலத்தில் ஞாயிறு பதிப்பில் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். அந்த வாரம் கேள்வி கேட்டவர் பெயர், கேள்வி இரண்டு வரி, அமைச்சரின் பதில் முழுசாக. ‘ஆய்வில் உள்ளது’ என்று பதில் வந்திருந்தால் அதையும் அப்படியே போட்டு, ஆறு மாதம் கழித்து ஆய்வு முடிந்ததா என்று அதே இடத்தில் கேளுங்கள். எந்தக் கட்சி எம்.பி. என்று பார்க்க வேண்டாம். அரைப் பக்கத்துக்கு இடம் இல்லை என்றால், திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டும் படங்களில் இரண்டை எடுத்துவிடலாம். வாசகர்கள் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஜெலுத்தோங், பினாங்கு