ஈமுராவுக்கு நெடில் போடச் சொன்ன அக்காவுக்கு

அக்கா,

இன்று ஜூலை 5, 2025. நாம் தமிழ் வசனம் போட்ட ஜப்பானியப் புல்லட் ரயில் படம், 'ஷின்கான்சென் பெருவெடிப்பு', வெளியாகி 50 வருஷம். இந்தத் தேதியை நான் உங்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை, எனக்குச் சொன்னதே நீங்கள்தான்.

போன் செய்திருக்கலாம். இரண்டு முறை நம்பரை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். போனில் சொன்னால் "பரவால்ல, விடு தம்பி" என்பீர்கள். அதோடு முடிந்துவிடும். நடந்தது இருபது பேர் முன்னால். அதனால் பேசுவதும் நாலு பேர் படிக்கிற இடத்தில் இருக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன். நம் இருவரையும் தெரிந்தவர்கள் இதைப் படிப்பார்கள் என்பதும் தெரியும். அந்த வருஷம் உங்கள் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை இங்கே தொடமாட்டேன். அது உங்களுடையது.

2021 ஆகஸ்ட்டில் சன்னி சிபா கொரோனாவில் போன செய்தி வந்த வாரம் நீங்கள் கூப்பிட்டீர்களே, அங்கிருந்து தொடங்குகிறேன். "தமிழில் எல்லாரும் அவரை கராத்தே ஆளாவே எழுதுறாங்க, யாருமே அந்த ரயிலோட்டியைப் பத்தி எழுதலையே" என்று ஆதங்கப்பட்டீர்கள். நம் படம் வருவதற்கு முந்தைய வருஷம்தான் கைகால்களால் எலும்பு முறிக்கும் படங்களில் உலகத்துக்கே தெரிந்தவர். 1970-ல் ஜப்பான் ஆக்‌ஷன் கிளப் என்று சண்டைக் கலைஞர்களுக்காக ஒரு பள்ளியையே தொடங்கியவர். அப்படிப்பட்டவரை இயக்குநர் சாத்தோ ஜுன்யா ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்துவிட்டார். படத்தின் பெரும்பகுதியில் அவருக்கு நடிக்கக் கிடைத்தது முகமும் கழுத்து நரம்பும் ஒரு கையும் மட்டுமே. வேகமுள் 80-க்குக் கீழே இறங்கினால் ரயிலில் வைத்த குண்டு வெடித்து 1,500 பேரும் போய்விடுவார்கள் என்று தெரிந்த ஒருவன் எப்படி எச்சில் விழுங்குவான் என்பதை அவர் செய்து காட்டியிருந்தார். நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்கு அது கண்ணில் பட்டது.

சரி, தமிழில் வசனம் போடுவோம் என்று ஆரம்பித்தோம். 152 நிமிஷப் படம். வார இறுதிகளில் மட்டும், டோக்கியோ நிஷிகசாயில் உங்கள் வீட்டில்.

ஒரு சாயங்காலம் மட்டும் எனக்கு அப்படியே இருக்கிறது. டிசம்பரா ஜனவரியா தெரியவில்லை, அடியில் சூடு வைத்த கொத்தாத்சு மேசையின் போர்வைக்குள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தோம். பெயர்கள் வரும் இடத்தில் நீங்கள் படத்தை நிறுத்தினீர்கள். இதையெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள், நடிகர்கள் பெயரோடு விட்டுவிடலாம் என்றேன். நீங்கள் பதில் சொல்லவில்லை. சூப்பர் மார்க்கெட் ரசீது ஒன்றைத் திருப்பிப்போட்டு, ஒளிப்பதிவாளர் பெயரின் முதல் எழுத்தைப் பெரிதாக எழுதினீர்கள். இடது பாதியைப் பேனாவால் வட்டம் போட்டு, "இது சாப்பிடுறது. முழு எழுத்தும் சேர்ந்தா சோறு. அடுத்தது ஊர். சோத்தூர்க்காரர், ஈமுரா மசாஹிகோ" என்றீர்கள். நான் தட்டச்சு செய்ததைப் பார்த்ததும் என் கையைப் பிடித்தீர்கள். "ஈ போடு. இமுரான்னா வேற ஆளு. அப்படி ஒரு குடும்பப் பேரே தனியா இருக்கு. இந்த மனுஷனும் இவரோட ஆட்களும் யாருக்கும் தெரியாம ரயிலைப் படம் புடிச்சிருக்காங்க. பேரையாவது சரியா எழுது."

அப்புறம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனீர்கள். இசை அமைத்த அவோயாமா ஹச்சிரோவின் குடும்பப் பெயர் பச்சைமலை. படத்தொகுப்பாளர் தனாக்கா, வயல் நடுவில் இருப்பவர். குண்டு வைக்கும் ஒகிதாவாக நடித்த கென் தகாகுரா, உயரமான களஞ்சியம். நம் ஊர்ப் பெயர்கள் மாதிரியே இருக்கிறதே என்று நான் சொன்னதும் சிரித்தீர்கள். அந்த ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது. பின்பக்கம் முள்ளங்கி, தோஃபு, முட்டை விலைகள்.

ஜப்பான் தேசிய ரயில்வே இந்தப் படத்துக்கு உதவ மறுத்த கதையையும் அன்றுதான் சொன்னீர்கள். ரயிலில் குண்டு என்று ஒரு படம் வருவதே அவர்களுக்குப் பிடிக்கவில்லை. தலைப்பையாவது மாற்றுங்கள் என்று கேட்டார்கள். தோயெய் நிறுவனம் 'ஷின்கான்சென் பெருவெடிப்பு' என்ற தலைப்பில் உறுதியாக நின்றது. அப்புறம் என்ன, ரயிலும் கிடையாது, ஸ்டேஷனும் கிடையாது, கட்டுப்பாட்டு அறையும் கிடையாது. ஓடுகிற ரயிலைத் திருட்டுத்தனமாக எடுத்தார்கள். பெட்டியின் உள்பக்கமும் கட்டுப்பாட்டு அறையும் ஸ்டுடியோவில் போட்ட செட். மீதியெல்லாம் சின்ன மாடல் ரயில், அதை நெருங்கிப் போய் எடுக்க, நீண்ட குழாய் முனையில் லென்ஸ் வைத்த ஸ்நார்க்கல் கேமரா. அந்தச் சிறப்புக் காட்சி வேலையில் ஜப்பான் டிவி நாயகன் அல்ட்ராமேனின் உருவத்தை வரைந்த நரிதா தோருவும் இருந்தார் என்று நீங்கள் சொன்னபோது நான் எழுந்தே நின்றுவிட்டேன். எதிர்த்தடத்தில் இன்னொரு ரயிலை இணையாக ஓட்டி, இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெட்டுக்கருவியைக் கைமாற்றும் காட்சியை அன்று ஐந்து முறை ஓட்டிப் பார்த்தோம்.

எவ்வளவு நல்ல நாள் அது.

ஆனால் எல்லா நாளும் அப்படி இல்லை. நல்ல வரி அமைந்தால் வருகிறவர்களிடம் "இது நான் போட்டது" என்பீர்கள். இடறும் வரியைக் காட்டி "இது தம்பி போட்டது, மாத்தணும்" என்பீர்கள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். ஒகிதாவை போலீஸ்காரர்கள் 'அவன்' என்று சொல்வதா 'அவர்' என்று சொல்வதா என்று இரண்டு வாரம் சண்டை போட்டோமே. நான் 'அவன்' என்றேன், குண்டு வைத்தவனை எந்தப் போலீஸ் மரியாதையாகப் பேசும்? நீங்கள் விடவில்லை. தொழிற்சாலை நொடித்து, மனைவியும் பையனும் பிரிந்து போய், கையில் வேலைத்திறன் மட்டும் மிஞ்சிய ஆள் அவர், தகாகுரா அந்த ஆளைக் குற்றவாளியாக நடிக்கவில்லை, தோற்றுப்போன முதலாளியாக நடித்திருக்கிறார், பார்க்கிறவன் காதில் 'அவன்' விழுந்தால் எல்லாம் போச்சு என்றீர்கள். கடைசியில் போலீசுக்கு 'அவன்', கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் குராமோச்சிக்கு 'அவர்' என்று முடிவானது. அது சரியான முடிவு. ஆனால் அதைக் கண்டுபிடித்தது நான். அதையும் நீங்கள் உங்கள் கணக்கில் எழுதிக்கொண்டீர்கள்.

இதை மனசில் வைத்துக்கொண்டுதான் அந்த சனிக்கிழமை வேலையை முடித்தேன். மறைக்கவில்லை.

அந்த இருபது பேருக்குத் திரையிடுவதற்கு முந்தைய வாரம் போனில் "உங்க பேரை எப்படிப் போடணும்?" என்று கேட்டேன். "பேரெல்லாம் எதுக்குடா இப்ப" என்றீர்கள். குரல் ரொம்பச் சோர்ந்திருந்தது. சுற்றிலும் சத்தம். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். மூன்று வருஷமாக இந்த வாக்கியத்தைத்தான் எல்லாரிடமும் சொல்லி வருகிறேன், அவங்களேதான் வேண்டாம்னாங்க என்று. அது உண்மை. உண்மைதான், ஆனால் அந்தச் சோர்வு எதனால் என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்கள் என்றும் தெரியும். கேட்டால் இரண்டு பெயர் வரும், கேட்காவிட்டால் ஒரு பெயர். நான் கேட்கவில்லை.

படம் முடிந்து, சுவரில் 'தமிழ் வசனம்' என்று வந்து கீழே என் பெயர் மட்டும் வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். நீங்களும் தட்டினீர்கள். அப்புறம் எழுந்து சமையலறைக்குப் போய், இருபது டீ கிளாஸையும் ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்து வைத்தீர்கள். தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் உள்ளே வரவில்லை. "ட்ரெயின் போயிடும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினீர்கள். மணி ஒன்பதுகூட ஆகவில்லை.

அதற்கப்புறம் மூன்று வருஷம் ஒரு பேச்சு கிடையாது. பொங்கலுக்கு அனுப்பிய வாழ்த்துக்குப் பதில் இல்லை. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோதுகூட நீங்கள் விசாரிக்கவில்லை, தெரிந்தும் விசாரிக்கவில்லை. நான் செய்தது தப்பு. அதற்கு இவ்வளவு நீளமான தண்டனையா அக்கா? திட்டியிருக்கலாமே. நாலு பேர் முன்னால் "என் பெயர் எங்கேடா" என்று கேட்டிருந்தால் அன்றே காலில் விழுந்திருப்பேன்.

பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் படத்தை வாங்கி 100 நிமிஷமாக வெட்டியதைப் பற்றி நீங்கள் கோபப்பட்டது ஞாபகம் இருக்கிறதா? ஜப்பானில் அவ்வளவாக ஓடாத படம் அங்கே பிரமாதமாக ஓடியது. ஆனால் ஒகிதா ஏன் அப்படி ஆனார், தோற்றுப்போன மாணவர் போராட்டத்திலிருந்து வந்த கோகா யார், ஒகினாவாவிலிருந்து வந்த அந்தப் பையன் யார் என்பதெல்லாம் கத்தரியில் போய்விட்டது. ரயில் மட்டும் ஓடியது. "ஆளுங்களை எடுத்துட்டு ரயிலை மட்டும் வச்சுக்கிட்டானுங்க" என்றீர்கள். கோகாவாக நடித்த யமாமோத்தோ கெய் 2022-ல் இறந்தபோது, அந்தக் காட்சிகளை மட்டும் தனியாக ஓட்டிப் பார்த்தோம். அடுத்த சில மாதங்களில் உங்களை நான் வெட்டினேன்.

ஏப்ரலில் அதே தலைப்பில் ஹிகுச்சி ஷின்ஜி எடுத்த புதுப் படம் நெட்ஃபிளிக்ஸில் வந்ததும் தனியாகப் பார்த்தேன். இந்த முறை ஜே.ஆர். கிழக்கு ரயில் நிறுவனமே உதவியிருக்கிறது, நிஜ ரயில், நிஜப் பாதை. ஆனாலும் வெடிப்புக் காட்சிகளுக்கு ஹிகுச்சி மாடல்களைக் கைவிடவில்லை. நீங்கள் பார்த்திருப்பீர்கள், எங்கே சிரித்திருப்பீர்கள், எங்கே உதட்டைச் சுழித்திருப்பீர்கள் என்றுகூட எனக்குத் தெரியும். கடைசியில் பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் என்னால் அணைக்க முடியவில்லை. நிறுத்தி நிறுத்தி, படிக்கத் தெரிந்த எழுத்துகளை வாய்விட்டுப் படித்தேன். வயல், மலை, ஊர், களஞ்சியம். ரொம்ப நேரம் ஆனது.

அன்றிரவு பழைய கோப்பைத் திறந்தேன். இந்த மாதம் 50 வருஷத்துக்காகத் திரும்பவும் போடலாம் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சரி என்று சொல்லவில்லை. அன்று நான் தவிர்க்கப் பார்த்த பெயர்களையெல்லாம் இப்போது சேர்த்துவிட்டேன். திரைக்கதை எழுதிய ஒனோ ரியூனோசுகே, அவரோடு சேர்ந்து எழுதிய சாத்தோ, குராமோச்சியாக உத்சுயி கென், ரயில்வே தலைவராகச் சில நிமிஷமே வரும் ஷிமுரா தகாஷி. நரிதாவின் பெயரில் வரும் ஒற்றை எழுத்தை 'அகிரா' என்றும் படிக்கலாம் என்பதால் இரண்டு இடத்தில் சரிபார்த்துத் 'தோரு' என்றே போட்டிருக்கிறேன். ஈமுராவுக்கு நெடில்தான்.

கடைசி அட்டையில் 'தமிழ் வசனம்' என்பதற்குக் கீழே இரண்டு வரி. முதல் வரி உங்களுடையது. என்னுடையது அடுத்தது. ஆனால் உங்கள் பெயரை எப்படிப் போடுவது என்று தெரியாமல் நிற்கிறேன். இனிஷியல் வேண்டுமா? அப்பாவுடையதா, கல்யாணத்துக்குப் பிறகு வந்ததா, இல்லை இரண்டும் இல்லாமலா? இந்த முறை நானாக எதையும் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. நீங்கள் சொல்கிற வரைக்கும் முதல் வரி காலியாகவே இருக்கும், படத்தையும் யாருக்கும் போட மாட்டேன்.

தம்பி