தம்பி, உன் பேச்சில் அம்மாவையும் சேர்

அன்புத் தம்பிக்கு,

கல்லூரியில் 'நான் வியக்கும் வீரர்' என்று பேச்சுப் போட்டி, கலாம் ஐயாவைப் பற்றி எழுதிக்கொடு அக்கா என்று கேட்டிருந்தாய். எழுதித் தருகிறேன். நம் தீவுக்காரர்கள் அவரைப் பேசாமல் வேறு யாரைப் பேசுவது? ஆனால் சென்னை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தும் பணம் கட்ட வழியில்லாமல் அவர் நின்றபோது, அவருடைய அக்கா சோகரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துத்தான் படிக்க அனுப்பினார். ராக்கெட்டைப் பேசுகிறவர்கள் பலர் அந்த வளையலைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நீ அங்கிருந்து ஆரம்பி, அப்புறம் நேராக நம் அம்மாவிடம் வா.

போன பௌர்ணமிக்கு நானும் அம்மாவோடு வத்தைப் படகில் போனேன். கடல்பாசி எடுக்கப் போகிறாள் என்று நாம் சொல்லிக்கொண்டே வளர்ந்துவிட்டோம், கிட்ட நின்று பார்த்தால்தான் தெரிகிறது. ஒவ்வொரு விரலிலும் கிழிந்த சேலைத் துணியைச் சுற்றி, பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போடுகிறாள். சேலைக்கு மேல் அப்பாவின் பழைய சட்டை, காலில் ரப்பர் செருப்பு, இடுப்பில் வலைப்பை, கண்ணில் கண்ணாடி. சிலிண்டரெல்லாம் கிடையாது, நெஞ்சில் பிடித்த மூச்சு மட்டும்தான். முங்கி, கடலடிப் பாறையில் ஒட்டிக்கிடக்கும் பாசியைக் கையால் பிய்த்துப் பையில் திணித்து, மேலே வந்து ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு, என்ன ஏது என்று நான் கேட்பதற்குள் மறுபடி உள்ளே போய்விடுகிறாள், வெயில் உச்சிக்கு ஏறும்வரை இப்படியே. சொறி என்கிற ஜெல்லிமீன் பட்டால் உடம்பு தடித்துப்போகும், கல் கிழித்த இடத்தில் உப்புத்தண்ணீர் எரியும். கரைக்கு வந்து துணியைப் பிரித்தபோது விரல் நுனியெல்லாம் வெளுத்து ஊறி, நகத்தடியில் ரத்தம் கசிந்திருந்தது. கழுவிவிட்டுப் போய் உலை வைத்தாள்.

மறுநாள் விடியுமுன் அதே விரல்களில் அவள் மறுபடி துணி சுற்றினாளே, அதைத்தான் தம்பி நான் வீரம் என்கிறேன். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மாதத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் நீரோட்டம் தோதாக இருக்கும் என்பார்கள். அந்த நாட்களில் காய்ச்சலென்று படுக்க முடியுமா? அப்பா நம்மை விட்டுப் போன வருஷத்திலும் அந்தக் கணக்கு மாறவில்லை.

இன்னொன்று. நீ படிப்பது மைக்ரோபயாலஜி. ஆய்வகத்தில் கிருமி வளர்க்கத் தட்டில் ஊற்றுகிறீர்களே அகார், அது அம்மா பறிக்கிற மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் எடுப்பதுதான். ஐஸ்கிரீமிலும் கலக்கிறார்கள். ஈரத்தில் மூட்டை மூட்டையாக இருப்பது காய்ந்தால் கொஞ்சமாகச் சுருங்கிவிடும், வியாபாரி சொல்வதுதான் விலை. அப்படியிருந்தும் அம்மா பாசியை அடியோடு சுரண்டமாட்டாள், மறுபடி தழைக்க வேர் நிற்க வேண்டும் என்பாள். மீன்பிடித் தடைக்காலத்தில் பாசி எடுக்கும் பெண்களும் பாசிக்கு ஓய்வு விடுகிறார்கள். வயிற்றுப்பாட்டுக்கே இழுபறியாக இருக்கிறவர்கள் கடலுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது எவ்வளவு பெரிய காரியம்! மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி 1986-ல் தேசியப் பூங்கா வந்தது; இந்தத் தொழிலுக்குப் போகிற பெண்கள் அபராதத்துக்குப் பயந்துதான் போய்வருகிறார்கள்.

பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015-ல், தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது கிடைத்தது உனக்குத் தெரியும். பாசி எடுக்கும் பெண்களுக்காக முன்னால் நின்றவர், அவர் பெயரையும் சொல். ஆனால் அவரோடு கடலில் இறங்குகிற மற்ற பெண்களின் பெயர் எந்த மேடையிலும் வராது. ஒரு மேடையிலாவது வரட்டுமே. நம் அம்மாவின் பெயரை முழுசாக, உரக்கச் சொல். வெட்கப்பட்டு விழுங்கிவிடாதே.

கலாம் ஐயா பகுதியை நாளைக்குள் அனுப்புகிறேன். அம்மா பகுதியை நீயே எழுது. அமாவாசை நெருங்குவதற்கு முன்னால் ஒரு நாள் வந்தால் அவள் வீட்டில் இருப்பாள், கேட்டு எழுதலாம்.

அன்புடன்,
அக்கா