கோடைப் பக்கத்தில் துணியின் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுரை முனிச்சாலைப் பக்கம் 29 வருடமாகப் பிளவுஸ் தைத்து வருகிறேன். என் அப்பா புதுமண்டபத்தில் தையல் மெஷின் போட்டிருந்தவர். அழகர் திருவிழாவுக்கு வேண்டுதல்காரர்கள் போடும் உடுப்பெல்லாம் அந்தத் தூண்களுக்கு நடுவில்தான் தைப்பார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அவருக்குக் காஜா, அதாவது பட்டன் ஓட்டை, எடுத்துக் கொடுப்பேன். துணியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் விரலால் பார்க்க வேண்டும் என்று அங்கேதான் பழகினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகளிர் இணைப்பில் கோடைக்கால உடைகள் பற்றி ஒரு முழுப் பக்கம் வந்தது. அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு இந்த ஒரு வாரத்தில் நான்கு பேர் என் கடைக்கு வந்துவிட்டார்கள். இளம் ஊதா, புதினாப் பச்சை, எலுமிச்சை மஞ்சள் என்று வெளிர் நிறங்கள். புஃப் கை, போட் நெக், முதுகில் முடிச்சு. படங்கள் நன்றாகவே இருந்தன. ஆனால் ஆறு படத்தில் ஒன்றுக்குக்கூட அது என்ன துணி என்று போடவில்லை. இந்தக் கடிதம் அதற்காகத்தான்.

அந்த நான்கு பேரில் ஒரு பெண் தினமும் பெரியார் நிலையத்தில் பஸ் ஏறித் திருமங்கலத்துக்கு வேலைக்குப் போகிறாள். மீனாட்சி திருக்கல்யாணத்துக்குக் கட்ட வேண்டும் என்று, உங்கள் பக்கத்தில் இருந்த அதே இளம் ஊதாவில் 1,800 ரூபாய்க்குப் புடவை எடுத்து வந்திருந்தாள். கடையில் 'சாஃப்ட் காட்டன்' என்று சொன்னார்களாம். கையில் வாங்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மூலையை உள்ளங்கையில் வைத்துப் பத்து எண்ணும் வரை இறுக்கிப் பிடித்தேன். விரித்தால் ஒரு சுருக்கம்கூட இல்லை. நல்ல பருத்தி அப்படி விடாது, கசங்கிய இடம் அப்படியே நிற்கும். முந்தானை ஓரத்தில் ஒரு நூல் உருவித் தீக்குச்சியைக் காட்டினேன். சுருண்டு, உருகி, கடுகு மாதிரி ஒரு கறுப்பு மணியாக நின்றது. பருத்தி நூல் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, ஊதினால் பறக்கிற சாம்பலாகும். இது முழுக்கப் பாலியஸ்டர்.

"அக்கா, பேப்பர்லயே போட்டிருந்துச்சே" என்றாள். அவள் முகம் வாடிப்போனதை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டமாக இருக்கிறது. பேப்பரில் நிறத்தைத்தான் போட்டிருந்தார்கள், துணியைப் போடவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

திருக்கல்யாணத்தன்று மாசி வீதிகளில் நிற்கிற கூட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. தாலிக்கயிறு மாற்றிக்கொள்ளக் காலையிலிருந்தே பெண்கள் வெயிலில் நிற்பார்கள். அந்தக் கூட்டத்தில் பாலியஸ்டர் புடவையும், பாலியஸ்டர் லைனிங் போட்ட பிளவுஸும், அதற்குள் சாட்டின் பாவாடையுமாக நின்றால் என்ன ஆகும்? என் மகள் டெக்ஸ்டைல் படிக்கிறாள். அவள் சொன்ன கணக்கு: 100 கிராம் பருத்தி சும்மா காற்றிலிருந்தே 8 கிராம் ஈரம் வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை கிராம்கூட வாங்காது. அப்புறம் வேர்வை எங்கே போகும்? தோலிலேயே நிற்கும். இடுப்பிலும் கக்கத்திலும் வேர்க்குரு வந்து, அளவைத் தளர்த்திக் கொடுங்கள் என்று பிளவுஸைத் திரும்பக் கொண்டுவருகிறவர்களை ஒவ்வொரு சித்திரையிலும் பார்க்கிறேன். அளவில் குறையில்லை, துணியில்தான் குறை.

அதனால் உங்கள் பக்கத்தில் படத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி சேருங்கள். இது பருத்தி, இது லினன், இது ரேயான், இது பாலியஸ்டர் கலந்தது என்று. ரேயானையும் தனியாகச் சொல்ல வேண்டும். அதுவும் பருத்தி மாதிரியே எரியும், வேர்வையையும் வாங்கும். ஆனால் நனைந்தால் வலுவில்லை, முதல் சலவையிலேயே நன்றாகச் சுருங்கும். குர்த்தி வாங்குகிற பிள்ளைகள் இது தெரியாமல் சரியான அளவில் எடுத்துவிட்டு ஒரே மாதத்தில் தங்கைக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

சரி, வெளிர் நிறம்தான் வேண்டும், புஃப் கைதான் வேண்டும் என்றால் அதையும் வெயிலுக்கு ஏற்றபடி தைக்க முடியும். புஃப்புக்குள் லைனிங் வைக்கவே கூடாது. உடம்புப் பகுதிக்கு மட்டும் பருத்தி லைனிங் போதும், அதையும் வெட்டுவதற்கு முந்தின இரவு தண்ணீரில் ஊறவைத்து நிழலில் காயப்போட வேண்டும். இல்லாவிட்டால் மேல்துணி ஒரு பக்கம், லைனிங் ஒரு பக்கம் என்று இழுத்துக்கொண்டு நிற்கும். புடவைக்கு வைத்துத் தைக்கிற ஃபால்ஸும் அப்படித்தான். நனைக்காமல் தைத்தால் முதல் சலவையில் கொசுவத்தின் அடி சுருட்டிக்கொள்ளும். போட் நெக் அழகுதான், ஆனால் கழுத்தை ஒட்டி நிற்கும். காலை முதல் மாலை வரை வெளியில் இருக்கிறவர்களுக்கு முன்பக்கம் போட் நெக் வைத்தாலும், பின்கழுத்தை ஆறு ஏழு அங்குலம் இறக்கிக் கொடுக்கிறேன். கை முழங்கைக்கு மேல் வரை, கொஞ்சம் தளர்வாக. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கிறவளுக்குக் கக்கத்தில் கால் அங்குலம் கூடுதலாக விட்டால் அன்றைய பொழுதே வேறு மாதிரி இருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எந்தப் பத்திரிகையும் உள்பாவாடையைப் பற்றி எழுதுவதில்லை. இடுப்பில் நாடாவை இறுக்கிக் கட்டி, அந்த இடம் கறுத்துக் காய்த்துப் போன பெண்கள் எத்தனை பேர்! அளவெடுக்கும்போது எனக்குத்தான் தெரியும். பாப்ளின் துணியில் பாவாடை தைத்து, நாடாவுக்குப் பதில் இரண்டரை அங்குலப் பட்டியும் கொக்கியும் வைத்துக்கொண்டால் அந்தத் தொந்தரவு பெருமளவு குறையும். புடவையும் வழுக்காது. கோடை உடை இங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்பேன்.

இனி சுங்குடி. உங்கள் பக்கத்தில் நான்காவது படம் சுங்குடி என்று போட்டிருந்தீர்கள். மதுரைக்காரிக்கு அதைப் பார்த்துச் சந்தோஷம்தான். ஆனால் அது மெழுகு வைத்து அச்சடித்த புடவை. அச்சுப் புடவை மட்டம் என்று நான் சொல்லவில்லை. விலை குறைவு, நல்ல பருத்தி, நானே வாரத்தில் மூன்று நாள் கட்டுகிறேன். ஆனால் 2005-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரைச் சுங்குடியின் பெருமை முடிச்சில் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு சௌராஷ்டிரப் பாட்டி இன்னும் முடிச்சுப் போடுகிறார். துணியை மடித்துப் புள்ளி குறித்து, நுனி நகத்தால் துளியளவு கிள்ளி எடுத்து, நூலைச் சுற்றி இறுக்கி, அறுக்காமல் அப்படியே அடுத்த புள்ளிக்குப் போவார். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சு. சாயத்தில் முக்கிக் காய்ந்த பிறகு துணியை இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து இழுத்தால் சடசடவென்று முடிச்சுகள் தெறித்து அவிழும். சின்ன வயதில் அந்தச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடி வருவோம். அவிழ்ந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி. ஒன்று மாதிரி ஒன்று இருக்காது, தடவினால் சின்ன மேடு விரலில் தட்டுப்படும். அச்சுப் புடவையில் புள்ளி எல்லாம் ஒரே அளவு, தடவினால் மழமழவென்று இருக்கும். இந்த வித்தியாசத்தை இரண்டு வரியில் எழுதியிருந்தால் வாங்குகிறவர்களுக்கும் உதவும், அந்தப் பாட்டிக்கும் மரியாதை.

சுங்குடியை எப்படி உடுத்துவது என்று கேட்டால், பிளவுஸில் வேறு பூவேலை வேண்டாம். கரையின் நிறத்தில் டூ பை டூ ரூபியா என்கிற மெல்லிய பிளவுஸ் துணி எடுத்து, சாதாரண வட்டக் கழுத்தில் தையுங்கள். புள்ளிக்கு வேலை கொடுங்கள். முதல் முறை தனியாக, கல்லுப்புப் போட்ட பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். கஞ்சி போடுகிறவர்கள் வெயில் காலத்தில் நீர்க்கப் போடுங்கள். கஞ்சி கெட்டியானால் விறைப்பு அழகாகத்தான் இருக்கும், ஆனால் நெசவின் கண்ணெல்லாம் அடைபட்டுக் காற்று போகாது. அப்புறம் பருத்தி கட்டியும் புண்ணியமில்லை. காரைக்குடிக் கண்டாங்கியையும் நீங்கள் ஒருநாள் எழுத வேண்டும். 2019-இல் அதற்கும் குறியீடு கிடைத்தது. பழைய கனத்தில் நெய்த கண்டாங்கியை அக்னி நட்சத்திரப் பகலில் கட்டச் சொல்ல மாட்டேன், மாலை விசேஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெரிய கட்டத்துக்குச் சாதா நிற பிளவுஸ் போட்டால் நகைகூட வேண்டாம்.

இன்னொரு வேண்டுகோள். பருவத்துக்கு ஏற்ற உடை என்று எழுதும்போது எங்கள் பருவத்தைப் பார்த்து எழுதுங்கள். டிசம்பரில் ஒன்றின் மேல் ஒன்றாகச் சட்டையும் ஜாக்கெட்டும் போடச் சொல்லி ஒரு பக்கம் வந்தது. மதுரையில் மார்கழி விடிகாலையில் ஒரு சால்வை போதும், ஒன்பது மணிக்கு அதையும் எடுத்துவிடுவோம். எங்களுக்குத் தெரிய வேண்டியது வேறு. ஐப்பசி கார்த்திகை மழையில் பருத்திப் புடவையின் அடி சேற்றை உறிஞ்சி முழங்கால் வரை கனத்துப்போகும். அந்த இரண்டு மாதம் ஜார்ஜெட்டோ மெல்லிய சிந்தெடிக்கோ கட்டினால் நனைந்தாலும் அரை மணியில் காய்ந்துவிடும். பாலியஸ்டருக்கு உரிய காலம் அது. ஆடிக் காற்றில் முந்தானை நிற்காது, ஒற்றை மடிப்பில் விடாமல் மடித்துக் குத்த வேண்டும். நிறத்துக்கும் எங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. அழகர் பச்சைப் பட்டு உடுத்தி வைகையில் இறங்கினால் அந்த வருடம் மழையும் விளைச்சலும் செழிக்கும் என்று ஊரே நம்புகிறது. அப்படி இறங்கிய மறுவாரம் பச்சையில் பிளவுஸ் தைக்கச் சொல்லி வருகிறவர்களுக்கு என்னால் நாள் சொல்ல முடிவதில்லை.

திருமங்கலத்துக்கு வேலைக்குப் போகிற அந்தப் பெண்ணின் புடவையைக் கடையில் திரும்ப வாங்கவில்லை. அதை ஐப்பசிக்கு எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். திருக்கல்யாணத்துக்கு அவள் அம்மாவின் பீரோவிலிருந்து ஒரு மெரூன் சுங்குடி எடுத்து வந்தாள். விரலால் தடவிப் பார்த்தேன், முடிச்சுப் புடவை. கரை மஞ்சளுக்கு ரூபியா எடுத்து, அவள் ஆசைப்பட்ட புஃப் கையையே லைனிங் இல்லாமல் சின்னதாக வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த முறை சுங்குடி பற்றி எழுதும்போது உங்கள் புகைப்படக்காரரை எங்கள் தெருவுக்கு அனுப்புங்கள். பாட்டியிடம் கேட்டுவிட்டேன், சம்மதம். காலை பத்து மணிக்குள் வந்தால் வாசலில் வெளிச்சம் இருக்கும்போதே அவர் முடிச்சுப் போடுவதைப் படம் எடுக்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் நாளிதழைத் தினமும் வாங்கும் ஒரு தையல்காரர்,
முனிச்சாலை, மதுரை.