மச்சானுக்கு, பேச்சாளை விஷயமாக

பாம்பன்
20 ஜூன் 2024

அன்புள்ள மச்சான்,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதம் டிராயரிலேயே கிடந்தது. திட்டுவதை நேரில் வந்து திட்டு. இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவளுக்கு ஆவணியில் வைத்திருக்கிறோம், பத்திரிகை வரும். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கட்டையன் உன் ஐந்நூறு ரூபாயை அடுத்த மாதம் தருகிறானாம், வழக்கம்போல.

இப்போது எழுத உட்காரக் காரணம் பேச்சாளை மீன். தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் இறங்கிய வாரம் இது. நேற்று கரைக்குப் போனால் பெட்டி பெட்டியாகப் பேச்சாளைக்கு ஐஸ் போட்டு லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கே போகிறது என்றேன். "கேரளாவுக்கு சார், அங்கே தடைக்காலம், கிலோ 400க்குப் போகுதாம்" என்றான் டிரைவர். சிரிப்பை அடக்க முடியவில்லை. பேய்ச்சாளை என்று பேரிலேயே பேயை வைத்து, தின்றால் வயிற்றுக்கு ஆகாது என்று உன் அப்பத்தா தென்னைக்கு எருவாகப் போட்ட மீன்! ஆலப்புழைக்கு மாப்பிள்ளையாகப் போன புதிதில், "இங்கே அதற்கு மத்தி என்று பேர், இலை போட்டுப் பரிமாறுகிறார்கள்" என்று நீ எழுதியதை நான் டீக்கடையில் வாசித்துக் காட்டி மானத்தை வாங்கினேனே, ஞாபகம் இருக்கிறதா?

வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது. நம் சின்ன வயசில் இந்தப் பக்கம் பேச்சாளை இவ்வளவு ஏது? எண்பதுகளுக்கு அப்புறம்தான் கிழக்குக் கரையில் பெருகியது. உங்கள் கேரளப் பக்கமோ, 2012இல் 4 லட்சம் டன் அளவுக்கு இருந்த பிடிப்பு 2021இல் 4,000 டன்கூடத் தேறவில்லை என்று கொச்சி கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கணக்குச் சொன்னார்கள். அதற்கு அடுத்த வருஷமே மறுபடி லட்சம் டன்னைத் தாண்டியது. மத்திக்கு இந்த ஆட்டம் புதிதில்லைதான். 1940களிலும் ஒருமுறை காணாமல் போயிருக்கிறது. குஞ்சுமீனை அரித்தெடுப்பதும் ஒரு காரணம். ஆனால் பருவக்காற்று கரையோரத்து மேல்நீரைத் தள்ளிக்கொண்டு போனால்தானே அடியில் இருக்கும் குளிர்ந்த நீர் சத்தோடு மேலே வரும்? அதில் விளையும் நுண்பாசிதான் மத்திக்குச் சோறு. மேல்நீர் சூடேறிவிட்டால் சட்டிக்கு மூடி போட்ட மாதிரி, அடிநீர் ஏறி வராது. மேற்கு இந்தியப் பெருங்கடலின் மேல்நீர், பருவக்காற்று மாதங்களில், 1901 முதல் 2012 வரை 1.2 டிகிரி சூடேறியிருக்கிறது. காய்ச்சலில் ஒரு டிகிரி கூடினால் நாமே சுருண்டு படுத்துக்கொள்கிறோம். மழைக்காலத்தில் உங்கள் கரையோரம் சேறு திரண்டு மீன் குவியுமே, அந்தச் சாகரை இந்த வருஷம் விழுந்ததா? எழுது.

இன்னொன்று சொல்ல வேண்டும், நாலு வாரமாகத் தள்ளிப் போடுகிறேன். 1998இல் நீ ஓலைக்குடாவில் முங்கிவிட்டு வந்து, கடலடியில் பவளப் பாரெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது என்று பதறினாய். "பொங்கல் முடிந்து இத்தனை நாள் கழித்து எவன்டா வெள்ளையடிக்கிறான்" என்று எல்லோர் முன்னாலும் கிண்டல் செய்தேன். போன மாதம் தம்பியின் வல்லத்தில் போய், கண்ணாடி மாட்டி நானே எட்டிப் பார்த்தேன். மான்கொம்பு மாதிரிக் கிளைத்து நிற்குமே, அது நுனியிலிருந்து அடிவரை எலும்பு வெள்ளை. பக்கத்தில் கிடந்த உருண்டைப் பாறை பாதி வெளுத்து, பாதி வெளிறிய ஊதா. தண்ணீர் குளிக்கப் போட்ட வெந்நீர் ஆறினதுபோல வெதுவெதுப்பு. நீ சொன்னது சரி மச்சான். இருபத்தாறு வருஷம் கழித்துத்தான் ஒப்புக்கொள்கிறேன்.

வாத்தியார் புத்தி, சொல்லாமல் விடாது: பவளப்பூச்சியின் உடம்புக்குள் ஒரு பாசி குடியிருக்கிறது. சோறும் நிறமும் அது கொடுப்பதுதான். சூடு தாங்காதபோது பூச்சி அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். சீக்கிரம் தண்ணீர் குளிர்ந்தால் பாசி திரும்பி வரும், பார் பிழைக்கும். இல்லாவிட்டால் பட்டினியில் செத்துப்போய் மேலே அழுக்குப் பாசி படரும். 2016இல் மன்னார் வளைகுடாவில் நூற்றுக்குப் பதினாறு பங்கு அப்படித்தான் செத்தது. தம்பி மீன் பிடிக்கக் கூடு வைப்பது அந்தப் பாருக்குள்ளேதான். களவாயும் விளைமீனும் வந்து ஒதுங்குவதற்கு அதை விட்டால் வேறு இடம் ஏது?

கடலுக்குள் மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும் உங்கள் தெரு அக்காவைப் பார்த்தேன். விரல்களில் துணி சுற்றி, காலில் தகரத் தட்டைக் கட்டிக்கொண்டு இன்னும் முங்குகிறது. "முந்தி ரெண்டு முங்குக்குக் கை நிறையும் தம்பி, இப்ப ஏழெட்டு முங்கணும். தண்ணி கொதிக்குது, பாசி அழுகிப்போய் வருது" என்றது. அது பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை.

எல்லாப் பழியையும் வெயில் தலையில் போட்டுவிடவும் மனசு வரவில்லை. சுண்ணாம்புக் காளவாசலுக்குப் பவளக்கல் வெட்டி வெட்டித்தானே பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் முங்கின? 21 தீவில் இரண்டை அப்படித் தொலைத்தவர்கள் நம் ஆட்கள். உன் மாமா வீட்டுச் சுவரைச் சுரண்டிப் பார், பார்க்கல்தான் வரும். சூடு வருவதற்கு முன்பே நோயாளியாகத்தான் வைத்திருந்தோம்.

சரி, கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னதாகவே வா, ஓலைக்குடா போகலாம். ஆடி முடிந்தால் தண்ணீர் கொஞ்சம் ஆறியிருக்கும், நிறம் திரும்பியிருக்கிறதா என்று சேர்ந்தே பார்த்துவிடலாம். உன் பழைய கண்ணாடி என்னிடம்தான் இருக்கிறது, ரப்பர் போய்விட்டது.

அப்புறம், தங்கச்சியிடம் மத்தி வறுக்கிற மசாலாவைக் கேட்டு எழுது. நேற்று அந்த டிரைவர் ஒரு கிலோவைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டான். இவள் மூக்கைப் பொத்திக்கொண்டு செதிள் உரசிவிட்டாள், எப்படிச் சமைப்பது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

உன்,
வாத்தி